கடற்கரைப் பழைய வீட்டுச் சுவரில் ஓவியம் வரைவிக்கப் போகிறீர்களா? முதலில் சுவரைக் கேளுங்கள்

திருகோணமலையில் டச்சுக் குடாப் பக்கம், உள்துறைமுகப் பக்கம், உப்புவெளியிலும்கூட இன்னும் சில பழைய வீடுகள் மிஞ்சி நிற்கின்றன. தடித்த சுவர், உயர்ந்த ஓட்டுக் கூரை, கடலைப் பார்த்த விறாந்தை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் காசு அனுப்பி அவற்றைத் திருத்தும்போது பலருக்கும் ஒரு ஆசை வருகிறது: ஒரு ஓவியரைக் கூப்பிட்டு, சில வாரம் தங்கவைத்து, சுவர்களில் வரையச் சொன்னால் என்ன? நல்ல ஆசைதான். எங்கள் அம்மம்மாவின் வீட்டில் நாங்களும் செய்தோம். முதல் தடவை செய்தது ஒரே மாரியில் உரிந்து விழுந்தது. இரண்டாம் தடவை செய்தது இன்றைக்கும் சுவரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் பாதிக்கு மேல் ஓவியத்தைப் பற்றியதே இல்லை, சுவரைப் பற்றியது. பொறுமையாக வாசியுங்கள்.

இந்த ஆசையை எனக்குள் போட்டது பிரான்ஸின் தெற்குக் கரையில், நீஸுக்கும் மொனாக்கோவுக்கும் இடையில் உள்ள சென் ழான் கப் ஃபெராவில் இருக்கும் ஒரு வீடு. பெயர் வில்லா சாந்தோ சோஸ்பிர். வீட்டுக்காரி ஃபிரான்சின் வெஸ்வைலர். 1950 வசந்தத்தில் ழான் காக்தோ அங்கே ஒரு வாரம் தங்கப் போனார். கவிஞர், நாடகக்காரர், படம் எடுப்பவர், ஓவியர் எல்லாமாக இருந்தவர் அவர். சும்மா இருக்க முடியாமல், வரவேற்பறையில் கணப்புக்கு மேலே ஒரு அப்பலோ தலை வரையலாமா என்று கேட்டார். வரைந்தார். ஒரு சுவரை அலங்கரித்தால் மற்றச் சுவர்களையும் விடமுடியாது என்று ஓவியர் மத்தீஸ் சொன்னதை அவரே பிறகு எழுதியிருக்கிறார், அது அப்படியே பலித்தது. சுவர், கதவு, மேற்கூரை என்று வீடு முழுக்க வரைந்தார், வாசலில் மொசைக்கும் வைத்தார், பத்து வருடத்துக்கும் மேலாக அங்கே வந்துபோய்க்கொண்டு இருந்தார். 1952இல் அந்த வீட்டைத் தானே வண்ணப் படமாகவும் எடுத்தார். சுவருக்கு உடுப்புப் போடக்கூடாது, அதன் தோலில் வரையவேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதனால்தான் அதைப் பச்சை குத்திய வீடு என்கிறார்கள்.

அந்த வீட்டின் படங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நிறம் மிகக் குறைவு. வெறும் சுவரில் கரிக்கோடு, அதற்குள் அங்கங்கே மெல்லிய நிறம். அந்த நிறப்பொடியை அவர் கரைத்தது பச்சைப் பாலில். சுவரை முழுக்க மூடி, எண்ணெய்ப் பெயின்ட் அடித்து, அதற்கு மேல் வரைந்த வேலை அது இல்லை. கடற்கரை வீட்டுக்கு இது எவ்வளவு பொருத்தமான முறை என்று எங்கள் சுவர் உரிந்து விழுந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

சுவர் ஏன் உரிகிறது

காரணம் உப்பு. மழைத்தண்ணீர் என்று எல்லோரும் சொல்வார்கள், தண்ணீர் தனியாக வந்தால் காய்ந்துவிடும், பெரிய சேதம் இல்லை. கடல் காற்றிலும், நிலத்தில் இருந்து சுவருக்குள் ஏறுகிற ஈரத்திலும், பழைய காலத்தில் கடல் மணலைப் போட்டுக் கட்டிய சாந்திலும் உப்பு இருக்கிறது. சாதாரணக் கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரைகிறது, அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி பளிங்காக உறைகிறது. சமையலறை உப்புப் போத்தலை மாரியிலும் கோடையிலும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விசயம். அதே வேலை சுவரின் நுண்ணிய துளைகளுக்குள் நடக்கும்போது, உறைகிற ஒவ்வொரு தடவையும் பளிங்கு பூச்சைத் தள்ளுகிறது. பிளாஸ்டிக் எமல்ஷன் மாதிரி மூச்சுவிடாத பூச்சு மேலே இருந்தால் ஈரம் வெளியே வர வழியில்லை, அதற்குப் பின்னாலேயே உப்புச் சேர்ந்து, கொப்புளம் போட்டு, கடைசியில் ஓவியத்தோடு சேர்த்து ஏடு ஏடாக விழும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். ஈரம் தெரிந்த இடமெல்லாம் மேசன் சீமெந்து பூசினார், அதற்கு மேல் வோல் புட்டி, அதற்கு மேல் எமல்ஷன், அதற்கு மேல் அக்ரிலிக்கில் ஓவியம். பார்க்க நல்ல வடிவாக இருந்தது. ஐப்பசியில் மழை தொடங்கியது, தை பிறக்கும்போது கடல் பக்கத்துச் சுவரில் தோணியின் அரைவாசியைக் காணவில்லை. பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசினால் ஈரம் அந்த இடத்தை விட்டு, ஓரத்தில் இருக்கிற மென்மையான பழைய பூச்சைத் தேடிப் போகும். அதனால் பூசிய இடம் நன்றாக இருக்க, அதைச் சுற்றி எல்லாம் பொரியும். மேசனைக் குறை சொல்லமாட்டேன், இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அதைத்தான் செய்வார்கள். நீங்கள்தான் வேண்டாம் என்று சொல்லவேண்டும்.

சோதனை, ஓவியரைக் கூப்பிடுவதற்கு முன்

ஒரு சதுர அடி தெளிவான பொலித்தீனை எடுத்து நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் இறுக்கி ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கத்தில் துளி பிடித்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளே இருந்து வருகிறது. ஒரே சுவரில் தரையில் இருந்து ஒரு அடி, மூன்று அடி, ஐந்து அடி உயரத்தில் மூன்று துண்டு ஒட்டினால் ஈரம் எதுவரை ஏறுகிறது என்று தெரிந்துவிடும். அடுத்தது, கறுப்புக் கடதாசியைக் கீழே பிடித்துக்கொண்டு சுவரை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். வெள்ளைப் பொடி விழுந்தால் கொஞ்சம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கரைந்தால் உப்பு, கரையாமல் அடியில் தங்கினால் பெரும்பாலும் உதிர்ந்த சுண்ணாம்பு. பிறகு விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக் கேளுங்கள். பொள்ளென்று சத்தம் வருகிற இடத்தில் பூச்சு சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது. அதைச் சோக்கால் வட்டம் போட்டு வையுங்கள்.

இதையெல்லாம் மார்கழியில் செய்யுங்கள். ஆடியில் செய்தால் எந்தச் சுவரும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

சோதனை முடிந்ததும் ஈரம் வருகிற வழியை முதலில் அடைத்துவிடுங்கள். உடைந்த ஓடு, ஒழுகுகிற பீலி, சுவரோடு சேர்த்துக் குவித்த மண், சுவர் ஓரத்தில் இருக்கும் பூக்கன்று, அதற்குத் தினமும் ஊற்றுகிற தண்ணீர். எங்கள் வீட்டில் பெரிய குற்றவாளி அம்மம்மாவின் செவ்வரத்தை மரம்தான். அதைப் பத்து அடி தள்ளி நட்டோம், அவவுக்குச் சமாதானம் சொல்வதற்கே இரண்டு நாள் போனது.

சுவரைத் திருத்துவது

சீமெந்தும் புட்டியும் இருந்தால் மெதுவாக உரித்து எடுங்கள். உப்பு அதிகமான இடத்தில் உப்பை வெளியே இழுக்க ஒரு எளிய வழி உண்டு. அச்சடிக்காத வெள்ளைக் கடதாசியை, டிஷ்யூவாக இருந்தாலும் சரி, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துக் கூழாக்கிச் சுவரில் அரை அங்குலத் தடிப்புக்கு அப்பி விடவேண்டும். காயக் காயச் சுவருக்குள் இருக்கிற உப்பு கரைந்து கூழுக்குள் வரும், நன்றாகக் காய்ந்ததும் அது தானாக விடும். எடுத்து எறிந்துவிட்டு மறுபடி போடுங்கள். இரண்டு மூன்று தடவை தேவைப்படும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கரையோரக் கிணறுகளில் பாதி உவர்.

பிறகு சுண்ணாம்புப் பூச்சு. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள்ளேயே குறைந்தது மூன்று மாதம் வைத்திருந்தால் வெண்ணெய் மாதிரி ஆகும், அதுதான் வேண்டும். அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. மேல்பூச்சுக்கு மணல் இரண்டு பங்கு, அரித்த மணலாக. கடல் மணல் கூடவே கூடாது. மகாவலி மணல் நல்லது, ஆனால் ஆறு கொட்டியாரக் குடாவில் விழுகிற இடத்துக்குக் கிட்ட எடுத்ததாக இருந்தால் அதிலும் உப்பு இருக்கும், கழுவித்தான் போடவேண்டும். ஒரு கிள்ளு நாக்கில் வைத்துப் பார்த்தாலே தெரியும். பழைய வீடுகள் முருகைக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பில் கட்டியவை, அதே சுண்ணாம்பு வேண்டும் என்று சிலர் தேடுவார்கள். கடலில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை, அந்த ஆசையை விடுங்கள், சுண்ணக்கல் சுண்ணாம்பு போதும். தமிழ்நாட்டுப் பழைய மேசன்மார் கடுக்காயும் பனைவெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சாந்து குழைப்பார்கள், அது தெரிந்த கை கிடைத்தால் விடாதீர்கள்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் தொடவிடாதீர்கள். கட்டிச் சுண்ணாம்பு நீற்றும்போது தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போடவேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகவேண்டாம். பூசிய பிறகு ஒரு வாரமாவது ஈரச் சாக்குத் தொங்கவிட்டு மெதுவாகக் காயவிடுங்கள். சுண்ணாம்பு காய்வது என்று நாம் சொல்வது உண்மையில் காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாவது, அதற்குக் கொஞ்சம் ஈரமும் நிறைய நாளும் வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும். கடைசியில், பால் போலக் கரைத்த சுண்ணாம்பை நாலைந்து தடவை மெல்லிசாக அடித்தால் வரைவதற்கான தோல் தயார்.

காலம் முக்கியம். எங்கள் கரை கிழக்கைப் பார்த்தது, வாடைக்காற்று நேரே முகத்தில் அடிக்கும். கார்த்திகை மார்கழியில் எதுவும் காயாது. வைகாசியில் கச்சான், அதாவது வறண்ட தென்மேல் காற்று, வீசத் தொடங்கினால் எல்லாம் ஒரே நாளில் காய்ந்து வெடிக்கும். அதனால் பூச்சு வேலையை மாசியில் தொடங்கி பங்குனிக்குள் முடியுங்கள். சித்திரை முழுவதும் சுவரைச் சும்மா விடுங்கள். ஓவியரை வைகாசி, ஆனியில் கூப்பிடுங்கள். கச்சான் காலம் பூச்சுக்கு எமன், ஓவியத்துக்கு நண்பன். புரட்டாசிக்கு முன் எல்லாம் முடிந்திருக்கவேண்டும்.

நிறமும் பாலும்

கோடு போடக் கரி. புளியங்குச்சியைச் சுட்டு எடுத்த கரி கைக்கு அடங்கும், பிழை விட்டால் தட்டினால் போய்விடும், துணியில் வரைகிற கலம்காரிக்காரர்கள் இன்றும் அதைத்தான் பிடிக்கிறார்கள். நிறத்துக்கு மண்நிறங்களை நம்புங்கள்: செங்காவி, மஞ்சள் காவி, பழுப்பு மண், கரிக் கறுப்பு. இவை சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். நீலத்தில்தான் பலர் ஏமாறுவார்கள். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பில் பட்டால் பழுப்பாகிவிடும். அல்ட்ராமரின் நீலம் நிற்கும். துணிக்குப் போடும் சொட்டு நீலம் வெறும் சாயம், வெயிலில் வெளுக்கும். திருகோணமலையில் வரைகிற எவருக்கும் நீலம் நிறையத் தேவைப்படும், ஆகவே இதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

பால் என்றால் காக்தோ செய்தது போலப் பச்சைப் பாலிலேயே நிறத்தைக் கரைக்கலாம். எங்கள் காற்றின் ஈரத்துக்கு நான் இன்னும் ஒரு படி சொல்வேன். ஆடை நீக்கிய பாலைத் தேசிக்காய் விட்டுத் திரித்து, துணியில் வடித்து, திரளை இரண்டு மூன்று தடவை தண்ணீரில் கழுவுங்கள். அதோடு ஊறிய சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைந்தால் கட்டியாக இருந்தது இளகி வழவழப்பான பசையாகும். இளகுகிற அந்த இடத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் விட்டு மெல்லிசாக்கி நிறப்பொடியைக் கலந்தால் பெயின்ட் தயார். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே முடிக்கவேண்டும், இரவு வைத்தால் நாறும். பால் பசை பூஞ்சைக்குச் சாப்பாடு, சுண்ணாம்பு சேர்ந்தால் அந்தப் பயம் குறைகிறது. தடிப்பாகப் பூசினால் காயும்போது இழுத்துச் சுவரையே உரித்துவிடும். ஆகவே தண்ணீர் மாதிரி மெல்லிசாக, வேண்டுமானால் இரண்டு தடவை. முதலில் கதவுக்குப் பின்னால் கையகலத்துக்குப் பூசி ஒரு வாரம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடி ஒட்டினால் பசை போதாது.

எங்கே, என்ன வரைவது

தரையில் இருந்து மூன்று, மூன்றரை அடிக்குக் கீழே ஒன்றும் வரையவேண்டாம். நிலத்தின் ஈரம் பெரும்பாலும் அதுவரை ஏறும், அந்தப் பகுதியை வெறும் சுண்ணாம்பாக விட்டால் வருடா வருடம் அடித்துக்கொள்ளலாம். கிழக்கு யன்னலுக்கு எதிர்ச்சுவரில் காலை வெயில் நேரே விழும், அங்கே மண்நிறம் மட்டும். குளியலறைச் சுவர், குசினிச் சுவர் இரண்டையும் விட்டுவிடுங்கள். சாமி அறைக்குப் பக்கத்துச் சுவரில் கற்பூரப் புகை படியும்.

என்ன வரைவது என்பதை ஓவியரிடம் விடுவதுதான் மரியாதை. ஆனால் அவர் ஊரைப் பார்க்காமல் வரையத் தொடங்கவிடாதீர்கள். காக்தோ கிரேக்கத் தெய்வங்களை வரைந்தார், அவற்றுக்குப் பக்கத்தில் அயலூரான வில்ஃபிரான்ஷின் மீனவர்களையும் வரைந்தார். அந்த இரண்டும் சேர்ந்ததால்தான் அந்த வீடு அந்தக் கடலுக்குச் சொந்தமாகத் தெரிகிறது. எங்கள் ஓவியர் மட்டக்களப்பில் இருந்து வந்தவர். முதல் நாலு நாள் தூரிகையைத் தொடவிடாமல் சுற்றிக் காட்டினோம். விடிய முதல் திருக்கடலூரில் தோணி வருகிறதைப் பார்த்தார், கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டைக் கேட்டார், கோட்டைக்குள் மான்களுக்கு நடுவில் நடந்து கோணேசர் மலைக்கு ஏறி இராவணன் வெட்டில் நின்று கடலைப் பார்த்தார், கன்னியாவில் ஏழு கிணற்றிலும் தலைக்கு ஊற்றினார். விறாந்தைச் சுவரில் இப்போது வலை இழுக்கிற பத்துக் கைகள் இருக்கின்றன, முகமே இல்லை, கைகளும் வலையும் மட்டும். வலையின் மறுமுனையை மலையைத் தூக்குகிற இராவணன் பிடித்திருக்கிறான். இப்படி ஒன்றை நான் யோசித்துச் சொல்லியிருக்கவே முடியாது.

பேச்சு, எழுத்து, சட்டம்

அந்தத் தெற்குப் பிரெஞ்சுக் கரையிலேயே இன்னொரு வீடு உண்டு, ரொக்புரூன் கப் மார்த்தானில். ஐலீன் கிரே என்ற பெண் ழான் பதோவிசியோடு சேர்ந்து 1926க்கும் 1929க்கும் இடையில் கட்டிய ஈ-1027. கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1938, 1939இல் அதன் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டினார். அப்போது கிரே அந்த வீட்டை விட்டுப் போயிருந்தார், அவரிடம் யாரும் கேட்கவில்லை. தன் வேலையைப் பாழாக்கியதாகவே அவர் அதை எடுத்துக்கொண்டார். வரைந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், வெறுமையாக இருக்கவேண்டும் என்று ஒருவர் நினைத்த சுவர் அது. குடும்பத்தில் வீட்டுக்கு உரித்துள்ள எல்லோரையும், கனடாவில் இருக்கிற சித்தப்பா உட்பட, முதலே கேளுங்கள்.

ஓவியரோடும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தச் சுவர், எத்தனை நாள், சாப்பாடு தங்குமிடம் யார், கூலி எவ்வளவு, படத்தை விளம்பரத்தில் போடலாமா, பழுதானால் யார் திருத்துவது. சுவர் உங்களுடையது, ஓவியத்தின் பதிப்புரிமை அவருடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது அவருடைய வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருடமும் நிற்கும். வீடு 1815 மார்ச் 2க்கு முன் கட்டியதாக இருந்தால் அது தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், அதற்குப் பிந்தியதும் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்திருக்கலாம். ஒல்லாந்தர் காலச் சுவர் என்று பெருமையாகச் சொல்பவர்கள் ஒரு ஆணி அடிக்க முன்னரும் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்கவேண்டும்.

வரைந்த பிறகு

முடிந்த அன்றே ஒவ்வொரு சுவரையும் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். எந்த நிறம், எந்தப் பசை என்பதையும் கொப்பியில் எழுதி வையுங்கள், பின்னால் திருத்த வருபவர் உங்களைக் கும்பிடுவார். வார்னிஷ் அடிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம், சுவரின் மூச்சு நின்றுவிடும். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, ஆட்டுமயிர்த் தூரிகையால் மேலிருந்து கீழே மெதுவாகத் தூசி தட்டினால் போதும். அலுமாரி, கட்டில் எதையும் சுவரோடு முட்டவிடாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். அந்த அறைக்கு ஏசி போட்டு, ஆள் இருக்கும்போது போடுவதும் போனதும் நிறுத்துவதுமாக இருந்தால் ஈரப்பதம் தினமும் ஏறி இறங்கும், நான் மேலே சொன்ன உப்பு வேலை தினமும் நடக்கும். மின்விசிறியும் திறந்த யன்னலும் நல்லது, மழை அடிக்கிற பக்கத்தை மட்டும் சாத்துங்கள்.

ஒவ்வொரு தையிலும் வாடை ஓய்ந்ததும் ஒரு டோர்ச்சைச் சுவருக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சரிந்த வெளிச்சத்தில் சிறிய கொப்புளம்கூட நிழல் விழுத்தும். வெள்ளைப் பூ பூத்திருந்தால் காய்ந்த தூரிகையால் கடதாசிக்குள் தட்டி எடுத்து வெளியே கொட்டுங்கள், கீழே விட்டால் அதே உப்பு மறுபடி ஏறும். போன தையில் எங்கள் வலையின் கீழ் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்குப் பூத்திருந்தது. தட்டி எடுத்துவிட்டு மேலே ஏறிப் பார்த்தால், பீலியில் ஒரு காகக்கூடு.